ஆராதனையில் எனக்கு மட்டும் ஏன் சந்தோஷம் வரவில்லை?

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 43, உதவிபெறும் பள்ளியில் ஆசிரியை. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஒரே மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து வளர்ந்த இவர், அம்மாவுக்குப் புற்றுநோய் வந்த நாட்களில் பக்கத்தில் இருந்த ஒரு சுயாதீன சபைக்குப் போகத் தொடங்கினார். அந்தச் சபையின் சகோதரிகள்தான் ஆஸ்பத்திரியில் முறைவைத்து இரவு தங்கியவர்கள் என்று நன்றியோடு குறிப்பிடுகிறார். அம்மா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. "மகிமைக்குள் போனவர்களுக்காக விசுவாசிகள் அழக்கூடாது" என்று பாஸ்டர் அடக்க ஆராதனையில் சொன்னதால் இவர் அழவில்லை. ஒரு வருடம் கழித்துத் தூக்கமும் பசியும் போய்விட்டன. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில் மூன்றாம் மாதம் நன்றாகத் தேறியிருக்கிறார். அந்தச் சமயத்தில் ஓர் உபவாசக் கூட்டத்தில், மாத்திரையை நம்புகிறவர்கள் கர்த்தரை முழுமையாக நம்பவில்லை என்ற செய்தியைக் கேட்டு அன்றைக்கே நிறுத்திவிட்டார். மாத்திரையை விட்டதை அடுத்த ஞாயிறு சபையில் எல்லோர் முன்னும் சாட்சியாகவும் சொன்னார். அது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. இனி அவருடைய வார்த்தைகள்:

"எல்லோரும் கைதட்டிப் பாடும்போது நான் கல்லைப்போல நிற்கிறேன். முகத்தில் மட்டும் சிரிப்பை வைத்துக்கொள்கிறேன். வீட்டில் சாப்பாடு ருசிப்பதில்லை. மகள் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கி வந்தபோதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. மறைவான பாவம் இருக்கும், இல்லாவிட்டால் கர்த்தருக்குரிய எதையோ பிடித்துவைத்திருப்பாய் என்று சபையில் சொன்னார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் காணிக்கை கொடுத்தேன். என் கணவருக்கு இது தெரியாது. அப்படியும் சந்தோஷம் வரவில்லை. என் இரட்சிப்பே பொய்யா? சாட்சி சொன்ன பிறகு மறுபடி மாத்திரை சாப்பிட்டால் பொய்ச்சாட்சி ஆகாதா? பழைய சிஎஸ்ஐ கோயிலுக்கே திரும்பினால் சாபம் வருமா? சில இரவுகளில், காலையில் விழிக்காமலே போய்விட்டால் நிம்மதி என்று தோன்றுகிறது."

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகள் ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்கக்கூடாது. "விழிக்காமலே போய்விட்டால்" என்ற நினைப்பு உங்கள் விசுவாசத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. மனம் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்றுதான் சொல்கிறது. இன்றே இதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கடிதத்தில் உங்கள் தங்கையைப் பற்றி இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள், அவரிடமே சொல்லலாம். வீட்டில் மிஞ்சியிருக்கும் மாத்திரைகளையும் அவரிடம் கொடுத்து வையுங்கள். நடு இரவில் நினைப்பு பெருகினால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. எப்படி, எப்போது என்று மனம் திட்டமிடத் தொடங்கினால் மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் அப்போதே யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

நான் உளவியல் ஆலோசகர். விசுவாசியும்கூட. அதனால் உங்கள் கேள்விக்குள் இருக்கும் வேதனை எனக்கு அந்நியமானதல்ல. "கிறிஸ்தவ வாழ்க்கை என்றால் சந்தோஷம், எனக்குச் சந்தோஷம் இல்லை, ஆகவே நான் கிறிஸ்தவளே இல்லை" என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்பதை உங்கள் கடிதமே காட்டுகிறது.

ஆராதனையில் மட்டும் மனம் மரத்துப்போய், மற்ற நேரங்களில் சிரிப்பும் பசியும் ஆசையும் இயல்பாக இருந்தால், உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவே ஏதோ இருக்கிறதா என்று கேட்பதில் நியாயம் உண்டு. உங்களுக்கோ சாப்பாடும் ருசிக்கவில்லை, பெற்ற மகளின் பரிசும் எட்டவில்லை. மகளை நீங்கள் நேசிக்கவில்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? மாட்டீர்கள். நேசம் இருக்கிறது, அதை உணரும் சக்திதான் படுத்துவிட்டது. எதிலும் மகிழ்ச்சி தட்டாமல் போவது மனச்சோர்வு நோயின் தலையாய அறிகுறிகளில் ஒன்று. மகள் விஷயத்தில் உண்மையாக இருப்பது ஆண்டவர் விஷயத்திலும் உண்மைதான். விசுவாசம் போய்விடவில்லை. அது இருப்பதை உணர்த்தும் நரம்பு மரத்திருக்கிறது.

மாத்திரையைப் பற்றி

உங்கள் மாத்திரையின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் மனச்சோர்வுக்கான மாத்திரைகளைப் பொதுவாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு ஆகியவை வரலாம். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்லி, பின்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே மருத்துவர்களின் வழக்கம். நீங்கள் தேறிய உடனே நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் நிறுத்தினால் நோய் திரும்புவதற்கான வாய்ப்பு அதிகம். ஆகவே இந்த ஐந்து வாரத்தின் கல்மனத்துக்குக் காரணம் தேட மறைவான பாவம் வரை போகத் தேவையில்லை.

பழைய மாத்திரையை நீங்களாகவே மறுபடி தொடங்காதீர்கள். அதே மருத்துவரிடம் போய், நிறுத்தியதையும் இரவு நினைப்புகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் வயதில் தைராய்டு, ரத்தசோகை, மாதவிடாய் மாற்றங்கள் ஆகியவையும் இதே சோர்வைத் தரக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். செலவு கவலையாக இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசு மருத்துவமனைகளில் மனநல சிகிச்சை பெறுவதை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. அதே சட்டத்தின்படி உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவர் ரகசியமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர். சபைக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

மருந்தை எடுப்பது அவிசுவாசம் என்ற போதனைக்கு வேதத்தில் எனக்கு ஆதாரம் தெரியவில்லை. பவுல் தன்னோடு இருந்த லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்று அழைக்கிறார். தீர்க்கதரிசி எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட அதே மனிதர், அதன் பிறகு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். உங்கள் இரவு நினைப்பும் அவர் வேண்டியதும் ஒன்றுதான். அவரை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. பாவத்தை அறிக்கையிடு என்றும் சொல்லவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடி படுத்தார். திரும்பவும் எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று இன்னொரு முறை சாப்பிட வைத்தான். ஆண்டவர் பேசிய மெல்லிய சத்தமும் அடுத்த ஊழியமும் அதற்குப் பிறகுதான் வந்தன. முதலில் உடம்பைக் கவனித்த தேவனை, மாத்திரையைக் கண்டால் கோபிப்பவர் என்று நினைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அழாத அழுகை

கடிதத்தில் மூன்று வரியில் நீங்கள் கடந்துபோன இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அம்மாவின் அடக்கத்தில் நீங்கள் அழவில்லை.

விசுவாசிகள் அழக்கூடாது என்பதற்கு வழக்கமாகக் காட்டப்படும் வசனம் தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. அது நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள் என்கிறது. துக்கமே வேண்டாம் என்று அங்கே எழுதவில்லை. ஸ்தேவான் கல்லெறியுண்டு இறந்தபோது வானம் திறந்திருக்கக் கண்டே இறந்தார். அவர் எங்கே போனார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்படியிருந்தும் தேவபக்தியுள்ள மனிதர் அவரை அடக்கம் செய்து மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்த இயேசுவே அவன் கல்லறையண்டை கண்ணீர் விட்டார்.

நம் ஊரில் முன்பு துக்க வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் கதை மறுபடி சொல்லப்படும், அழுகை மறுபடி வரும். அந்த ஏற்பாட்டின் ஞானம் பெரியது. உங்களுக்கு அது மறுக்கப்பட்டது. கெட்ட எண்ணத்தோடு மறுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை உயர்த்திக் காட்டுகிறோம் என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் விளைவு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அழுகையை அடைத்து வைத்தால் சிரிப்பும் கூடவே அடைபட்டுப் போவதை ஆலோசனை அறையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஆகவே அம்மாவுக்காக அழுங்கள். தங்கையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். அம்மாவின் வேதாகமத்தில் அவர் கோடு போட்ட இடங்கள் இருக்கும், எடுத்துப் படியுங்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் சங்கீதங்களைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். நூற்றைம்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள்தான். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு ஸ்தோத்திர வரிகூட இல்லை. அதையும் தேவனுடைய வார்த்தை என்றுதான் சபை காலங்காலமாக வாசித்து வந்திருக்கிறது.

அப்படியானால் எது சந்தோஷம்?

"கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற பிலிப்பியர் வசனம் உங்களைக் குத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிருபத்தை ஒரே மூச்சில் முழுதாக வாசித்துப் பாருங்கள், நாலே அதிகாரம்தான். எழுதிய பவுல் கட்டப்பட்ட கைதி. உயிரோடு வெளியே வருவோமா என்பது அவருக்கே தெரியாது. அவருக்கு உதவ வந்த எப்பாப்பிரோதீத்து நோயில் சாகக் கிடந்து பிழைத்ததைச் சொல்லும்போது, "துக்கத்தின்மேல் துக்கம்" தனக்கு வராதபடி தேவன் இரங்கினார் என்கிறார். ஏற்கெனவே ஒரு துக்கம் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். சந்தோஷமாயிருங்கள் என்று சொல்வதற்குச் சற்று முன்னால், மனஸ்தாபத்தில் இருந்த எயோதியாளையும் சிந்திகேயாளையும் ஒரே சிந்தையாயிருக்கும்படி பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்கிறார். கண்ணீரும் சண்டையும் விலங்கும் உள்ள ஒரு கடிதத்துக்குள் அந்த வசனம் இருக்கிறது. முகத்தில் சிரிப்பைக் காட்டச் சொல்லும் கட்டளையாக அதை வாசித்தால் பவுலையே பொய்க்காரர் ஆக்கிவிடுவோம்.

அவர் சொல்லும் சந்தோஷத்தின் ஆதாரம் "கர்த்தருக்குள்" என்ற இடத்தில் இருக்கிறது. இன்றைக்கு உங்கள் மனநிலை எப்படி இருந்தாலும், கிறிஸ்து உங்களுக்காகச் செய்து முடித்தது மாறாது. அவர் உங்களைப் பிடித்திருக்கிற பிடி தளராது. உணர்ச்சி வரும், போகும். அந்த உறவு இருக்கிறது. சந்தோஷத்தைக் கலாத்தியர் ஐந்தாம் அதிகாரம் ஆவியின் கனி என்கிறது. கனியை யாரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கேட்டவுடன் காய்க்க வைக்க முடியாது.

உங்கள் மாவட்டத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து காலை முறித்துக்கொண்டார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே, வலியோடுதான் இருந்தார். அங்கிருந்தபடியே எழுதினார், பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்தார். லண்டனில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த ஸ்பர்ஜன், 1856இல் தம் கூட்டத்தில் யாரோ "நெருப்பு" என்று கூச்சலிட்டதால் ஏற்பட்ட நெரிசலில் ஏழு பேர் இறந்ததைக் கண்டு நிலைகுலைந்தார். அப்போது அவருக்கு வயது 22. மனச்சோர்வு அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு விட்டுத் தாக்கியது, அதை மேடையிலேயே அவர் மறைக்காமல் பேசினார். இவர்களுடைய இரட்சிப்பை யாரும் சந்தேகிப்பதில்லை. உங்களுடையதை மட்டும் ஏன் நீங்கள் சந்தேகிக்க வேண்டும்?

உங்கள் சபையில் ஆடிப்பாடுகிறவர்களும் நடிக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பலருக்கு அது மெய்யான மகிழ்ச்சி. வாரம் முழுக்கக் கூலி வேலை செய்து ஓய்ந்த உடம்பு அந்த ஒரு மணி நேரத்தில் தன்னை மறந்து துள்ளுவதை நான் மதிக்கிறேன். அவர்களுடைய மகிழ்ச்சியை அளவுகோலாக்கி உங்களை அளப்பதுதான் தவறு. அதைவிட, எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசித்த நாளை நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் பாருங்கள். ஜனங்கள் அழுதார்கள். "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்" என்ற வார்த்தை அங்கேதான் வருகிறது. அதோடு சொல்லப்பட்ட காரியம் என்ன? போய்க் கொழுமையானதைச் சாப்பிடுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள். நம் பக்கத்துக் கோயில்களின் அசனம் என்ற பொது விருந்து எனக்கு அப்படித்தான் தெரிகிறது. சாதாரணமாய் ஒன்றாக உட்காராதவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாளில், மனம் மரத்தவரும் இலை போடலாம், குழம்பு ஊற்றலாம். உணர்ச்சி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சங்கிலியும் காணிக்கையும்

அவனவன் "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" கொடுக்கவேண்டும் என்று இரண்டாம் கொரிந்தியர் ஒன்பதாம் அதிகாரம் சொல்கிறது. நீங்கள் கொடுத்தது பயத்தினால். சந்தோஷத்துக்கு விலை இருக்கிறது என்று யார் சொன்னாலும், எந்தச் சபையில் சொன்னாலும் அது சுவிசேஷம் அல்ல.

சட்டப்படி, மனமுவந்து கொடுத்த காணிக்கையைத் திரும்பக் கேட்பது கடினம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, நோயினாலோ மன வேதனையினாலோ நிதானம் குலைந்திருப்பவரிடம் அந்த நிலையைப் பயன்படுத்திப் பெறப்படுவதைத் தகாத செல்வாக்கு என்கிறது. அந்த வழி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் நீங்கள் இருக்கும் நிலையில் வழக்கு என்று இறங்கினால் மனம் இன்னும் உடையும், கொடுத்த தொகையையும் செலவு விழுங்கிவிடக்கூடும். நடைமுறையில் முதல் வேலை அடகு ரசீதைப் பத்திரப்படுத்துவது. இரண்டாவது, கணவரிடம் சொல்வது. கோபப்படுவார் என்று பயப்படுகிறீர்கள், படலாம். இருந்தாலும் நோயை முதலில் சொல்லி, சங்கிலியை அதற்குப் பின் சொன்னால் அவருக்கு விளங்கும். வட்டி ஏறுவதற்கு முன் இரண்டு பேரும் சேர்ந்து மீட்டுவிடலாம். குணமாகும்வரை புதிதாக எந்தப் பொருத்தனையும் (நேர்ச்சையும்) செய்யாதீர்கள்.

சாட்சியும் சபையும்

சாட்சி சொன்ன அன்று நீங்கள் நம்பியதைச் சொன்னீர்கள். பொய் என்று தெரிந்தே சொல்வதுதான் பொய்ச்சாட்சி. மறுபடி சிகிச்சைக்குப் போவதை மேடையில் அறிவிக்க வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: உங்கள் சாட்சியைக் கேட்டு யாராவது சர்க்கரை மாத்திரையையோ ரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்தியிருப்பது தெரியவந்தால், அவர்களைத் தனியாகப் பார்த்து, "நான் மறுபடி டாக்டரிடம் போகிறேன், நீங்களும் போங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

சாபத்தைப் பற்றிய பயத்துக்குக் கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் போதும். கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார். ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குப் போகிறவளை அந்த மீட்பு விட்டுவிடுவதில்லை.

போவதா இருப்பதா என்பதை இப்போது தீர்மானிக்க வேண்டாம். நோயின் நடுவில் எடுக்கும் பெரிய முடிவுகளைப் பின்னால் சுமப்பது கடினம். சபையில் தொடர்ந்தால், இரவு விழித்து உங்களைக் காத்த அந்தச் சகோதரிகளின் துணை கிடைக்கும். மாத்திரையைப் பற்றிய கேள்விகளும் கிடைக்கும். பழைய கோயிலுக்குப் போனால் பழகிய கீர்த்தனைகளும் அமைதியும் இருக்கும். அம்மா உட்கார்ந்த இடம் காலியாக இருப்பதையும் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று மாதம் எங்கே உட்கார்ந்து அழ முடிகிறதோ அங்கே போங்கள். பாஸ்டர் கேட்டால், "உடம்பு சரியில்லை, டாக்டர் ஓய்வு சொல்லியிருக்கிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர் உங்கள் சிகிச்சையை மதித்து நடந்தால் பிறகு பேசலாம். மறுபடி மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அல்லது உங்கள் நோயைக் காட்டிப் பணம் கேட்டால், அதன் பிறகு அங்கே இருப்பது உங்களுக்கு ஆபத்து.

கடைசியாக, உங்கள் மகள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அம்மாவின் முகம் தெரியாமல் இருக்காது. சபையில் சிரிப்பதையும் அடுக்களையில் வெறித்துப் பார்ப்பதையும் அவள் கவனித்திருப்பாள், காரணம் தானோ என்றுகூட நினைத்திருப்பாள். இரவு நினைப்புகளை அவளிடம் இறக்கி வைக்க வேண்டாம், அதற்குத் தங்கையும் மருத்துவரும் இருக்கிறார்கள். "பாட்டி போனதிலிருந்து அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மருந்து எடுக்கப்போகிறேன். நீ பரிசு வாங்கின அன்றைக்கு என்னால் சந்தோஷத்தைக் காட்ட முடியவில்லை, அது உன்னால் அல்ல" என்று மட்டும் சொல்லுங்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.